வைர மோதிரம்: கடை எதுவாக இருந்தாலும் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றிக்கொள்வது எங்கள் மதுரைப் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. பெண்ணுக்குப் போடும் மோதிரம் வைரமாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளே ஆசைப்படுகிறார்கள், ஆசைப்படட்டும், அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதை எங்கே வாங்குவது என்ற பேச்சு வந்தவுடன் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. பையன் மொபைலை நீட்டி, இதே எடை, இதே தரம், இங்கே இவ்வளவு குறைவு என்கிறான். பெரியவர்கள், கண்ணால் பார்க்காத கல்லுக்கு யாராவது லட்சக்கணக்கில் பணம் கட்டுவார்களா என்கிறார்கள். என் மகனுக்கு நிச்சயம் பேசி முடித்த பிறகு எங்கள் வீட்டிலும் இதே வாக்குவாதம் பல நாள் நடந்தது. இரண்டு பக்கமும் விசாரித்து, கடைசியில் ஒரு மோதிரம் எடுத்து முடித்தவள் என்ற முறையில் சிலவற்றை எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைரத்தை உள்ளூர்க் கடையில் வாங்குவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் இணையத்தில் விற்பவர்கள் கேட்காமலே கொடுக்கும் காகிதங்கள் அத்தனையையும் உள்ளூர்க் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும். அவர் தரமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும், எத்தனை தலைமுறைப் பழக்கமாக இருந்தாலும் சரி. நம்மவர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தெரிந்த கடையில் போய்ச் சான்றிதழ் கேட்டால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று கூச்சப்படுகிறோம்.

இந்தக் கூச்சம் தங்கத்தில் போய்விட்டது. 2021இல் ஹால்மார்க் கட்டாயமானது, 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இல்லாத நகையை விற்கக் கூடாது என்று ஆனது. இன்றைக்கு எந்த வீட்டுப் பெண்ணும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறாள், எந்தக் கடைக்காரரும் அதற்காக முகம் சுளிப்பதில்லை. வைர மோதிரத்திலும் அதே ஹால்மார்க் முத்திரை இருக்கும், 18 காரட் தங்கம் என்றால் பக்கத்தில் 750 என்றும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மோதிரமே அரசாங்கம் சோதித்தது என்று நிம்மதியாகப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான். நடுவில் உட்கார்ந்திருக்கும் கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. மோதிரத்தின் விலையில் பெரும்பகுதி அந்தக் கல்லுக்குத்தான் போகிறது, அந்தக் கல்லுக்கு அரசாங்க முத்திரை என்று எதுவும் கிடையாது. தனியார் ஆய்வகங்களின் சான்றிதழ்தான் ஒரே ஆதாரம். ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. என்ற பெயர்களை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இணையக் கடைகள் நன்றாகச் செய்வது இதைத்தான். ஒரு கல்லைத் தொட்டால் அதன் எடை, நிறம், தூய்மை, பட்டை தீட்டிய தரம், சான்றிதழ் எண் எல்லாம் வரிசையாக வருகிறது. பெரிய கல் என்றால் அந்தக் கல்லையே சுற்றிச் சுற்றிக் காட்டும் வீடியோவும் இருக்கிறது. தங்கம் எவ்வளவு, கல் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, ஜி.எஸ்.டி. 3 சதவீதம் எவ்வளவு என்று விலையையும் பிரித்துக் காட்டுகிறார்கள். என் மகன் பத்துக் கற்களை ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான். எங்கள் தெற்கு ஆவணி மூல வீதியில் எந்தக் கடையிலும் உட்கார்ந்து அப்படி ஒப்பிட முடியாது, தட்டில் நாலைந்து மோதிரம் எடுத்து வைப்பார்கள், அவ்வளவுதான். விலை குறைவாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. தளத்தில் தெரியும் கற்களில் பல அவர்கள் கையில் இருப்பதில்லை, மும்பை, சூரத் வியாபாரிகளிடம் இருப்பவை. நாம் ஆர்டர் கொடுத்த பிறகுதான் அங்கிருந்து எடுக்கிறார்கள், அதனால் சரக்கில் பணம் முடங்குவதில்லை, மெயின் ரோட்டில் கடை வாடகையும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, நம் ஊர்க் கடைக்காரருக்கும் கல் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. உலகத்தில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பெரும்பாலானவை சூரத்தில்தான் தீட்டப்படுகின்றன. மொபைலில் தெரியும் கல்லும் கடைத் தட்டில் இருக்கும் கல்லும் ஒரே ஊர்ச் சரக்கு என்னும்போது, ஒருவர் தரும் காகிதத்தை இன்னொருவர் ஏன் தர முடியாது?

நாங்கள் முதலில் போனது பரம்பரையாக நகை எடுக்கும் கடைக்கு. கடையின் பெயர் வேண்டாம். மோதிரம் அழகாகத்தான் இருந்தது. நடுவில் ஒரே கல், 30 சென்ட் என்றார்கள், அதாவது எடையில் 0.30 காரட். விலைச்சீட்டில் ஒரே தொகை. கல் எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கேட்டால், "வைரத்துக்கெல்லாம் பீஸ் ரேட்தாம்மா" என்றார் கடைக்காரர். தரம் என்ன என்று கேட்டதற்கு "ஈ.எஃப்., வி.வி.எஸ்." என்று உடனே பதில் வந்தது. முதலாவது நிறத்துக்கான குறியீடு, இரண்டாவது தூய்மைக்கானது, இரண்டுமே உயர்ந்த தரம். அது எல்லாக் கடையிலும் பாடமாக வைத்திருக்கும் பதில். சரி, அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. "என்னம்மா இது, உங்க மாமியார் காலத்திலேர்ந்து நம்மகிட்டதான் எடுக்குறீங்க, நம்ம கடை பில்லே சர்டிபிகேட்தானே" என்றார். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் வாக்கை நம்பித்தான் எங்கள் வீட்டில் இத்தனை நகை சேர்ந்தது. ஆனால் நாளைக்கு அந்த மோதிரத்தை வேறு கடையில் கொண்டுபோய்க் காட்டினால் அவர் வாக்குக்கு அங்கே மதிப்பு கிடையாது, காகிதத்துக்கு மட்டும்தான் மதிப்பு. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அதே வீதியில் இன்னொரு சின்னக் கடை. கடையில் இருந்த பையனுக்கு முப்பது வயதுதான் இருக்கும், அப்பாவோடு சேர்ந்து கடையைப் பார்க்கிறான். சான்றிதழ் என்று சொன்னதும் ஒரு உறையை எடுத்தான், உள்ளே ஆய்வக அறிக்கையும் தனிக் கல்லும் இருந்தன. கல்லை இடுக்கியில் பிடித்து, லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, "ஓரத்தைப் பாருங்கம்மா" என்றான். கல்லின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் விளிம்பில், கர்டில் என்கிறார்கள், மெல்லிய எண் வரிசை ஒன்று லேசரால் பொறித்திருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அறிக்கையில் இருந்த எண்ணும் அதுவும் ஒன்றுதான், ஆய்வகத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அதே விவரங்கள் வந்தன. அப்புறம் அவன் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கல்லை ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்து, கடையின் விளக்கு வெளிச்சத்திலிருந்து எழுந்து வாசல் பக்கம் கொண்டுவந்து காட்டினான். கடைக்குள் அடிக்கிற எல்.இ.டி. விளக்குகளின் கீழ் எந்தக் கல்லும் மின்னும். வாசல் வெளிச்சத்தில் வைத்தால்தான் லேசான மஞ்சள் ஓடுகிறதா, மந்தமாக இருக்கிறதா என்பது தெரியும். இணையத்தில் எத்தனை நல்ல வீடியோ போட்டாலும் இந்த வாசல் வெளிச்சம் கிடைக்காது.

இதே இடத்தில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். மோதிரத்தில் பதித்த பிறகு கொடுக்கும் சான்றிதழும், தனிக் கல்லுக்குக் கொடுக்கும் சான்றிதழும் ஒன்றல்ல. பதித்த கல்லை முழுதாகச் சுற்றிப் பார்க்க முடியாது, தனியாக எடை போடவும் முடியாது, அதனால் பதிப்பு அனுமதிக்கும் அளவுக்குத்தான் தரம் சொல்ல முடியும் என்று ஆய்வகமே எழுதிவிடும். நடுக்கல் கொஞ்சம் பெரியது என்றால் தனிக் கல்லாகச் சான்றிதழோடு தேர்ந்தெடுத்து, நம் ஊரிலேயே பதிக்கச் சொல்வது நல்லது. சுற்றி வரும் பொடிக் கற்களுக்குத் தனித்தனியாக யாரும் அறிக்கை தரமாட்டார்கள், அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அவற்றின் மொத்த எடையும் எண்ணிக்கையும் பில்லில் வர வேண்டும்.

எங்கள் வீடுகளில் வைரம் என்றால் ஏழு கல் தோடும் பேசரியும்தான் முதலில் நினைவுக்கு வரும். "ப்ளூ ஜாகர்" கல் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்துக் கல் என்பதால் வந்த பெயர் அது, அந்தச் சுரங்கம் 1971இலேயே மூடப்பட்டுவிட்டது. இன்றைக்குப் புதிதாகத் தீட்டி வந்த கல்லை ப்ளூ ஜாகர் என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால், அறிக்கையில் ஃப்ளூரசென்ஸ் என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ப்ளூ ஜாகருக்குப் பெருமையே அந்த நீலச் சாயைதான், புற ஊதா வெளிச்சத்தில் கல் நீலமாக ஒளிர்கிறதா என்பது அங்கே இருக்கும். பெயரைக் கேட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். அந்தக் காலத்தில் கல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்து, ராசி பார்த்துவிட்டு, ஒத்து வரவில்லை என்றால் திருப்பிக் கொடுப்பார்கள். கடைக்காரரும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்வார். இணையக் கடைகள் இத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று விளம்பரம் செய்வதை நம் கடைக்காரர்கள் எப்போதோ செய்துகொண்டிருந்தார்கள். அது ஏன் நின்று போனது என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அடுத்தது, எல்லோரும் குழம்புகிற விஷயம், ஆய்வகத்தில் வளர்த்த வைரம். இது அமெரிக்கன் டைமண்ட் மாதிரி போலி இல்லை. வேதியியல்படி அசல் வைரம்தான், பூமிக்கு அடியில் உருவாகாமல் இயந்திரத்தில் வளர்ந்தது, சி.வி.டி., எச்.பி.எச்.டி. என்று இரண்டு முறைகள். 2023இல் நம் பிரதமர் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனின் மனைவிக்குப் பரிசாகக் கொடுத்த 7.5 காரட் கல் இந்த வகைதான். விலை பல மடங்கு குறைவு. பெரிய கல்லாகப் போட ஆசை, பின்னால் விற்கும் எண்ணம் இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அதை அதுவென்று சொல்லி விற்க வேண்டும், அதற்கான விலையில் விற்க வேண்டும். இணையத்தில் ஒரே பக்கத்தில் இரண்டு வகையும் கலந்து வரும், தேடலைச் சுருக்கும் ஃபில்டரில் ஒரு குறி போட மறந்தால் எது எது என்றே தெரியாது. உள்ளூரில் வேறு மாதிரி, பேனா போல ஒரு கருவியைக் கல்லில் வைத்து, பீப் சத்தம் வந்ததும், "பாருங்க, ஒரிஜினல் வைரம்" என்கிறார்கள். அந்தப் பேனா கல்லில் சூடு கடத்துவதை வைத்துத்தான் சொல்கிறது. ஆய்வகக் கல்லும் வைரம்தான் என்பதால் அதற்கும் அதே சத்தம் வரும். மாய்சனைட் என்ற வேறு கல்லுக்குக்கூட அது ஏமாறும். இயற்கையா, வளர்த்ததா என்று பிரித்துச் சொல்ல அதற்கென்று இயந்திரம் வேண்டும், இல்லையென்றால் ஆய்வக அறிக்கை வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து ஜி.ஐ.ஏ. வளர்த்த கற்களுக்குப் பழைய நிற, தூய்மைக் குறியீடுகளைக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பிரீமியம், ஸ்டாண்டர்டு என்று இரண்டாகவே பிரிக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது என்று அவர்களே நினைக்கிறார்கள். பில்லில் "இயற்கை வைரம்" என்றோ "ஆய்வகத்தில் வளர்த்த வைரம்" என்றோ தெளிவாக எழுதி வாங்குங்கள். வெறுமனே வைரம் என்று எழுதினால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தனை இருந்தும் உள்ளூர்க் கடை ஏன் என்று கேட்பீர்கள். மோதிரம் வாங்கிய அன்றோடு வேலை முடிவதில்லை என்பதால்தான். என் தங்கை மகனுக்கு இணையத்தில் எடுத்த மோதிரம் பெண்ணின் விரலுக்கு இறுக்கமாகிவிட்டது. காகிதத் துண்டைச் சுற்றி அளவெடுத்து அனுப்பியிருந்தார்கள், காலையில் எடுத்த அளவும் சாயங்காலம் விரல் இருக்கும் பருமனும் ஒன்றா? திருப்பி கூரியரில் அனுப்பு, அவர்கள் சரிபார்ப்பார்கள், பிறகு மாற்றி அனுப்புவார்கள் என்று நாள் ஓடி, முகூர்த்தத்துக்கு முதல் நாள் வரை மோதிரம் கைக்கு வரவில்லை. கடைசியில் அவசரத்துக்கு ஒரு தங்க மோதிரத்தைப் போட்டுத்தான் நிச்சயம் நடந்தது. சபையில் அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் தங்கை இன்றும் அதை நினைத்து வருத்தப்படுகிறாள். எங்கள் மோதிரத்துக்கு அந்தக் கடைப் பையன் வளையக் கொத்தை எடுத்து மருமகளின் விரலில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கணுவைத் தாண்டி இறங்குகிறதா, இறங்கிய பிறகு சுழல்கிறதா என்று பார்த்து அளவு எடுத்தான். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் தேயும், துணியில் மாட்டி லேசாக நிமிரும், ஆறு மாதம் ஒரு வருடத்துக்கு ஒரு முறை யாராவது பார்த்து இறுக்கித் தர வேண்டும். அதற்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு கடையும் பட்டறையும் இருப்பது பெரிய விஷயம். இணையத்தில் மட்டும் விற்கத் தொடங்கியவர்களுக்கும் இது புரிந்திருக்கிறது. 2008இல் சென்னையில் இணையக் கடையாக ஆரம்பித்த காரட்லேனும், 2011இல் பெங்களூரில் ஆரம்பித்த புளூஸ்டோனும் பின்னால் ஊர் ஊராகக் கடை திறந்தார்கள்.

திரும்ப எடுப்பது பற்றிப் பேசும்போது எக்ஸ்சேஞ்ச் வேறு, பைபேக் வேறு. எக்ஸ்சேஞ்ச் என்றால் அந்த மதிப்புக்கு அங்கேயே இன்னொரு நகை எடுக்க வேண்டும். பைபேக் என்றால் பணமாகத் தருவார்கள், பெரும்பாலும் இன்னும் குறைத்துத் தருவார்கள். எத்தனை சதவீதம், அன்றைய விலைக்கா நாம் வாங்கிய விலைக்கா, செய்கூலியும் வரியும் போக மீதிக்கா, எல்லாவற்றையும் எழுதி வாங்க வேண்டும், வாய்வார்த்தை போதாது. வளர்த்த வைரத்தைப் பல கடைகள் திரும்ப எடுப்பதே இல்லை. நகைச் சீட்டு 11 மாதம் கட்டி முடித்து வைர மோதிரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்கள், அந்தச் சீட்டின் சலுகை வைரத்துக்கும் பொருந்துமா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சூழ்நிலை காரணமாக இணையத்தில்தான் வாங்கியாக வேண்டும் என்பவர்களுக்கும் சட்டம் துணை இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவர் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் விவரத்தை வெளியிட வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கு மேலும் இழுத்தடித்தால் அவர்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பெட்டியைப் பிரிக்கும்போது முழுதாக வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், சான்றிதழ் எண்ணைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க நம் ஊரில் லூப் இருக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் ஆர்டர் கொடுங்கள்.

நகை வியாபாரிகள் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இளம் பிள்ளைகள் உங்கள் கடையை விட்டுப் போவதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வராததுதான் பெரிய காரணம். தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, கல்லின் விலை, செய்கூலி, வரி என்று தனித்தனி வரியாக வைர நகைக்கும் பில் போடுவோம் என்று உங்கள் சங்கங்களே முடிவெடுத்து, கடை வாசலில் எழுதி வையுங்கள். தங்கத்துக்கு வந்தது போல வைரத்துக்கும் அரசு ஒரு முறையைக் கொண்டுவர வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கிறேன், ஆனால் அது வரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சின்னக் கடைப் பையன் யாரும் கட்டாயப்படுத்தாமல்தான் அப்படிப் பில் போட்டான்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழில் தினமும் தங்கம், வெள்ளி விலை வருகிறது, நாங்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். அதன் பக்கத்தில் கல்யாண மாதங்களிலாவது, வைர நகைக்கு எப்படிப் பில் இருக்க வேண்டும் என்று மாதிரி பில் ஒன்றைச் சின்னக் கட்டத்தில் வெளியிட முடியுமா? அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் எங்களைப் போன்றவர்களுக்குக் கேட்பது சுலபமாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
மதுரை.